கடை முகவரி

செப்டம்பர் 9

அன்புள்ள மாமா, அத்தை, அவர் ஆகிய மூவருக்கும்,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே மூவரும் சௌக்கியம்தானே? மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தைக்கு இருமல் விட்டதா? அவருக்கு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

மாமா இதைக் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பார்கள் என்று தெரியும். கல்யாணமாகி அந்த வீட்டில் நான் இருந்த நாற்பத்தாறு நாளில் ஏழு கடிதம் வந்தது. யார் பெயருக்கு வந்தாலும் பிரிப்பது மாமாதான், படிப்பதும் மாமாதான். முப்பத்திரண்டு வருடம் தபால்காரராக வீடு வீடாக ஏறி இறங்கி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசலில் நின்றே படித்துக் காட்டிய குரல் அல்லவா! அதனால் மூச்சு விட இடம் விட்டு, பத்தி பிரித்து, கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். குளியலறை நான்கு பேருக்குப் பொது. கதவுக்கு இரண்டு சாவி. ஒன்றை இடது பக்கம் ஒன்றரைச் சுற்று, இன்னொன்றை வலது பக்கம் அரைச் சுற்று. முதல் நாளே கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாவி உள்ளே, நான் வெளியே, காலில் குளியலறைச் செருப்பு. வீட்டுக்காரம்மாவைத் தேடிப் போய்ச் சைகையில் சொன்னேன். "எல்லாருக்கும் முதல் நாள் இதேதான். நாலு நாள்ல பழகிடும்" என்று சிரித்தார். பாதி புரிந்தது, மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நேற்று வெங்காயம் வதக்கினேன். கூரையில் ஒரு மணி இருக்கிறது, புகை பட்டால் அலறுமாம். அலறியது. கட்டடம் முழுக்க மாடிப்படியில் இறங்கித் தெருவில் நின்றது. கரண்டியும் கையுமாக நானும் நின்றேன். என்னால்தான் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, கையில் கரண்டி இருந்தும்.

திங்கட்கிழமை வகுப்பு. செயற்கைக் கால் செய்யப் படிக்கப் போகிறவர்கள் மொத்தம் பதினான்கு பேர். படிப்பு இரண்டு வருடம்தான், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று அத்தை வாசலில் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அவரையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 23

சிரஞ்சீவி மருமகளுக்கு மாமாவின் ஆசிகள்.

இங்கு யாவரும் நலம். முட்டிவலி உண்டு, இருமல் குறைவு. உன் 9ஆம் தேதிக் கடிதம் 21ஆம் தேதி காலை 11.10க்குக் கிடைத்தது. பன்னிரண்டு நாள். பரவாயில்லை. தபால்தலையை ஓரம் பார்த்து நேராக ஒட்டவும். உறையின் கீழ் மூலை நனைந்து காய்ந்திருக்கிறது. இங்கே விசாரித்தேன், இங்கே நனையவில்லை.

கடிதத்தைக் கூடத்தில் இரண்டு முறை படித்தேன். கரண்டி வந்த இடத்தில் உன் அத்தை சிரித்த சிரிப்பில் மீண்டும் இருமல் பிடித்துக்கொண்டது. "அந்த மணியைக் கழட்டி வைக்கக் கூடாதா?" என்று கேட்கிறாள். கழற்றாதே. அது அரசாங்கச் சட்டமாக இருக்கும்.

உன் கணவன் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்குப் போய் எட்டு மணிக்கு வருகிறான். கடிதம் படிக்கும்போது தூண் பக்கம் நின்றுகொண்டு நூல் சுற்றும் பாபின் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "நீ ஏதும் எழுதுறியா?" என்று கேட்டேன். "நான் என்ன எழுத, நீங்களே எல்லாத்தையும் எழுதிட்டீங்க" என்றான். கடைசியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஊரில் மழை இல்லை. உன் பெற்றோர் வந்து போனார்கள், நலம். படிப்பில் கவனம் வை. நம் வீட்டில் முதல்முதலாக வெளிநாடு போய்ப் படிப்பவள் நீ. இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை.

இப்படிக்கு,
மாமா

(நலம். நலமறிய ஆவல். சாப்பிடு. – நான்)

*

அக்டோபர் 7

அன்புள்ள மாமா, அத்தை, அவருக்கு,

நலம். உங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா கேட்ட உறையின் மூலை காபி கொட்டி நனைந்தது.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. பட்டறை கீழ்த்தளத்தில். எங்கே பார்த்தாலும் வெள்ளை மாவு, பிளாஸ்டர் மாவு. தலைமுடி, இமை, சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றிலும். அறைக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் அறுபது வயது ஆனவள் மாதிரி இருக்கிறேன். முட்டிக்குக் கீழே கால் போனவரின் மிச்சக் காலில் மாவு தோய்த்த ஈரத் துணியைச் சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்தக் காலைப் போலவே ஒன்று கிடைக்கும். அதை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்து, அதன் மேல்தான் புதுக் காலின் மேல்பகுதியைச் செய்வார்கள். எங்கே ஒரு நூல் தேய்க்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதுதான் படிப்பே.

எங்கள் பேராசிரியை குட்டையாக இருப்பார், குரல் மட்டும் ஏழடி. வகுப்பில் அவர் வேகமாகப் பேசுவது பாதிதான் பிடிபடுகிறது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். அவளும் என் நோட்டைத்தான் பார்க்கிறாள் என்று போன வாரம் தெரிந்தது. இருவரும் சேர்ந்து தப்பாக எழுதியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும். துணி துவைப்பேன், நடப்பேன். பேருந்து நிலையம் வரை போய்த் திரும்புவேன். அங்கே யாரையாவது யாராவது வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன்.

அவர் எழுதிய இரண்டு வரி கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

*

கடையிலிருந்து
அக்டோபர் 20

உனக்கு,

மேலே என்ன போடுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். 'அன்புள்ள' என்று எழுதி அடித்தேன், 'அன்பு' என்று எழுதி அடித்தேன். மூன்று தாள் போனதும் கடைக்கு வந்த டெய்லர் "என்ன தம்பி, ரசீதா எழுதுறீங்க?" என்றார். உனக்கு என்றே விட்டுவிட்டேன்.

நலம்தானே? நான் நலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வீட்டில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அப்பா தோளுக்குப் பின்னால் நின்று "எழுத்தைச் சின்னதாக்கு, எடை கூடும்" என்பார். அம்மா "நான் கேட்டதாப் போடு, நான் கேட்டதாப் போடு" என்பார்கள். அவர்கள் ஆசையாகத்தான் கேட்கிறார்கள், எனக்குத்தான் கை ஓடுவதில்லை. மெடிக்கல் கடை போனில் பேசலாம் என்றால் அங்கே மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே உன் படிப்பு முடிவாகிவிட்டது, நானும் சரி என்றுதான் சொன்னேன். அதனால் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே தொடங்கவில்லை. நாற்பத்தாறு நாளில் பாதி விருந்துக்குப் போய் வந்ததிலும், பாதி உன் பெட்டியைக் கட்டியதிலும் முடிந்துவிட்டது.

உன் கடிதம் வந்தால் கூடத்தில் கேட்பேன். பிறகு அப்பா அதை அலமாரியில் வைத்ததும் எடுத்து, மாடிப்படியில் உட்கார்ந்து நானாக ஒருமுறை படிப்பேன். அப்பா குரலில் கேட்டது வேறு கடிதம் மாதிரி இருக்கும். பேருந்து நிலையம் வரை போய் நின்று பார்ப்பேன் என்று எழுதியிருந்தாயே, அப்பா அதை மூச்சு விடாமல் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

போன வாரம் அம்மா உன் தலையணையை வெயிலில் போட எடுத்தார்கள். வேண்டாம் என்றேன். "ஏன்டா, பூஞ்சை பிடிக்கும்" என்றார்கள். பிடித்தால் பிடிக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு ரெண்டு தலையணை வேணும், கழுத்து வலிக்குது" என்று சொன்னேன். இப்போது தினமும் காலையில் கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறார்கள்.

இனி எனக்கு எழுதுவதைக் கடை முகவரிக்கு எழுது. உறையின் பின்னால் இருக்கிறது. அங்கே பிரிப்பதற்கு நான் மட்டும்தான். வீட்டுக்கு எழுதுவதையும் நிறுத்தாதே, அம்மா தபால் நேரத்தில் வாசலுக்கும் உள்ளேயும் நடக்கிறார்கள்.

நான்

*

நவம்பர் 2

உங்களுக்கு,

நானும் அப்படியே ஆரம்பிக்கிறேன். இதை நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்று நினைத்ததும் கை தானாக எழுதுகிறது.

நான் நலமாக இல்லை. வீட்டுக்கு எழுதியதில் பொய் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் எழுதவில்லை. கரண்டியோடு தெருவில் நின்றேன் அல்லவா, மற்ற எல்லாரும் ஜோடியாகவோ கூட்டமாகவோ நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து, கருகின வெங்காயத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உறையின் மூலை நனைந்தது காபியால் இல்லை.

முதல் வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்தது என்ன, எதற்குக் கோபம் வரும், ஒன்றுமே தெரியாது. தெரியாத ஒருவருக்காக இப்படி ஏங்குவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். இங்கே தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. வேலை எதுவும் இல்லாமல் அதன் வழியாகப் போகிறேன்.

முதல் செய்முறையில் தோற்றுவிட்டேன். அச்சு எடுக்க என்னிடம் அனுப்பப்பட்டவர் முன்பு பேருந்து ஓட்டியவர், நல்ல மனிதர். அந்நிய ஆளின் காலை அழுத்திப் பிடிக்கக் கூச்சப்பட்டு மேலாகச் சுற்றினேன். அச்சு தளர்ந்துவிட்டது. அதன் மேல் செய்ததைப் போட்டு அவர் பத்தடி நடந்தார், கழற்றிப் பார்த்தால் எலும்பு முனையில் ரத்தம் கட்டியிருந்தது. "பரவால்ல பொண்ணு, எனக்கு வலிக்கல" என்றார். வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. பேராசிரியை "உனக்குக் கணக்கு வருது. ஆளைத் தொட வரல" என்று பதிமூன்று பேர் முன்னால் சொன்னார்.

நான் திரும்பி வந்துவிட நினைக்கிறேன். டிசம்பர் இருபதாம் தேதிக்குள் அடுத்த பருவத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும், பிறகு கிடைக்காது. மாமா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார், அத்தை எனக்காக எல்லாரிடமும் வாதாடினார்கள், எல்லாம் தெரியும்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன். 'இரு' என்று எழுதினால் இருந்துவிடுகிறேன். 'உன் இஷ்டம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எழுதினால் உங்களோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்.

நான்

(நானும் 'நான்' என்றே போட்டுவிட்டேன். இரண்டு பேரில் யார் யார் என்று தபால்காரர்தான் சொல்ல வேண்டும்.)

*

கடையிலிருந்து
நவம்பர் 17

உனக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, தப்பாக நினைக்காதே. ஒரு விபரீதம் நடந்துவிட்டது.

பதினான்காம் தேதி கடையைப் பூட்டிவிட்டு, பக்கத்து ஊர் ஆடைக் கம்பெனியில் பதினாறு மெஷினுக்குச் சர்வீஸ் செய்யப் போனேன். உன் கடிதம் அன்றைக்கா வர வேண்டும்! எங்கள் பக்கத்துக்கு வரும் தபால்காரர் அப்பாவிடம் வேலை பழகியவர். கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'ஐயா வீடுதானே' என்று வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வேறு யார் கடிதமாக இருந்தாலும் கதவிடுக்கில் செருகியிருப்பார். மரியாதை செய்கிறாராம்!

நான் வீட்டுப்படி ஏறும்போது அப்பா படிக்கத் தொடங்கிவிட்டார். எப்போதும் போலத்தான் பிரித்திருக்கிறார், முகவரியைப் பார்க்கவில்லை. 'உங்களுக்கு' என்று படித்து, "நமக்குத்தான்" என்று விளக்கமும் சொன்னார். 'நான் நலமாக இல்லை' என்று வந்ததும் ஒரு நொடி நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தொடர்ந்தார்: "நான் நலமாக... இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். மிக நலம். இந்த ஊரில் தபால் பெட்டிகளை ஒரு நாளைக்கு மூன்று முறை திறக்கிறார்கள். கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கத் தனி அறை உண்டு. தபால்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுக்கிறார்கள்."

நீ அப்படி எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தைத் திருப்பித் திருப்பி, வரி வரியாகக் கண் ஓடுகிறது, வாய் மட்டும் மழைக்கோட்டு, சைக்கிள், சீருடை என்று போகிறது. ஒரு இடத்தில் தடுமாறவில்லை. வாசலில் நின்று படித்துக் காட்டிய காலத்தில், சொல்லக்கூடாத செய்தி வந்தால் இப்படித்தான் செய்வாராம். அம்மா சொல்லியிருக்கிறார்கள், நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "அந்த மழைக்கோட்டு இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றார்கள். அப்பா "ஒரு தடவை போதும், எழுத்து சின்னது" என்று மடித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு இதில் பதில் எழுதவில்லை. எனக்கு இரண்டு நாள் வேண்டும். தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நான்

*

நவம்பர் 30

அன்புள்ள மாமா, அத்தை, அவருக்கு,

நான் சௌக்கியம். அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நேற்று ஒரு கடிதம் கிடைத்தது. மாமாவுக்கு என் நமஸ்காரம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குளிர் கூடிவிட்டது. கோட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு போகிறேன். பட்டறையில் மாவு கரைக்கும் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. பக்கத்தில் இருப்பவள் ஊருக்குத் திரும்புகிறாளாம், சேர்ந்தே தப்பாக எழுதினோமே, அவள். நேற்று அவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். என் பெட்டியும் அலமாரிக்கு மேல் தூசியாக இருந்தது. இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு மெஷின் விஷயமாகச் சந்தேகம் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார். அந்த மெஷினை வைத்திருக்கவா, திருப்பிக் கொடுத்துவிடவா என்று இருபதாம் தேதிக்குள் தெரிந்தாக வேண்டும்.

அத்தை வெந்நீரே குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

*

டிசம்பர் 6
விரைவுத் தபால்

சிரஞ்சீவி மருமகளுக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

இதனுடன் என் மகன் உனக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தேதி நவம்பர் 25. அன்றைக்கு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்து, உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, "அப்பா, தபால் ஆபீஸ் பக்கம்தானே போறீங்க, போட்டுடுங்க" என்று என் கையில் கொடுத்தான். நடந்ததெல்லாம் நடந்த பிறகும் என்னிடமே கொடுத்தான். தபால் ஆபீஸ் வரை போனேன். பெட்டிக்கு முன்னால் நின்றேன். போடாமல் திரும்பிவிட்டேன். பதினோரு நாளாக என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

பிரிக்கவில்லை. சத்தியமாகப் பிரிக்கவில்லை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நீ கேட்ட கேள்வியை முதலில் படித்தவன் நான் அல்லவா! உனக்கு வந்திருக்கிற இடம் லேசில் கிடைக்காது என்றும் தெரியும். 'உடனே வா' என்று எழுதிய கடிதங்கள் எத்தனையோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், நானே வாசலில் நின்று படித்தும் காட்டியிருக்கிறேன். கேட்ட அன்றைக்கே மூட்டை கட்டி வந்தவர்கள் உண்டு. பிறகு வருடக்கணக்கில், 'அன்னைக்கு வராம இருந்திருக்கலாம்' என்று என்னிடமே சொன்னவர்களும் உண்டு. அந்த வார்த்தையை நீ யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். இருபதாம் தேதி தாண்டிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

நேற்று உன் அத்தை என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். கடிதத்தைப் பார்த்தாள், தேதி முத்திரை இல்லாததையும் பார்த்தாள். அன்றைக்கு நான் படித்தது பொய் என்று அவளுக்கு அன்றே தெரியுமாம். "மழைக்கோட்டுக்கு யாராவது கண்ணு கலங்குவாங்களா?" என்று கேட்டாள். பிறகு, "ஒருத்தர் கடிதத்தை ஒருநாள்கூட வச்சுக்காத மனுஷன்னு உங்களைப் பத்தி ஊர்ல பெருமை பேசிட்டிருந்தேனே" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

புயலிலும் வெள்ளத்திலும் தபால் கொடுத்திருக்கிறேன். கை ஒடிந்தபோது மற்ற கையால் கொடுத்தேன். வேலையை விட்டு ஆறு வருடம் கழித்து, சொந்த மகன் கடிதத்தைத் திருடி வைத்துக்கொண்டேன். உன் கடிதத்தைப் பிரித்தது பழக்கத்தில் செய்தது, இது தெரிந்தே செய்தது. அவன் போட்டாயிற்று என்று நினைத்து ஒவ்வொரு நாளும் பதிலுக்காகக் காத்திருக்கிறான். கடைக்குத் தாமதமாகப் போகிறான், பதில் மறுபடியும் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று தபால்காரர் வந்த பிறகுதான் கிளம்புகிறான். அவன் பேசாத பிள்ளை. எழுதினான் என்றால் அது சாதாரணமாக வந்திருக்காது.

எழுதியவன் அவன், வாங்க வேண்டியவள் நீ. நடுவில் எனக்கு வேலை இல்லை. அவனிடம் இன்று சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தான்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் இது உன் வீடு. இனி உங்கள் இருவர் கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

இப்படிக்கு,
மாமா

*

கடையிலிருந்து
நவம்பர் 25

உனக்கு,

நலமா? அங்கே குளிரா? எதையாவது கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

'இரு' என்று எழுத முயன்றேன். 'இரு, படித்து முடி, நான் காத்திருக்கிறேன், நீ சாதிக்க வேண்டும்' என்று அழகாக எழுதிப் பார்த்தேன். பதினொரு முறை எழுதினேன். நல்ல புருஷன் அப்படித்தான் எழுதுவான். எனக்கும் நல்ல புருஷனாக இருக்க ஆசைதான். படித்துப் பார்த்தால் அது பஞ்சாயத்துத் தலைவர் பேசுகிற மாதிரி இருந்தது. நீ உண்மையைக் கேட்டாய். பொய்யை வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வா.

நீ போனதிலிருந்து மெஷினைப் பிரித்தால் மாட்டத் தெரியவில்லை. நேற்று ஒரு அம்மாவின் மெஷினைப் பூட்டிக் கொடுத்த பிறகு மேஜையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அவங்க பின்னாலேயே தெருவில் ஓடினேன்.

எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது என்றாய். எனக்கே தெரியவில்லை. நீ பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்தி, 'கேக்குறீங்களா?' என்பாயே, அது பிடிக்கும். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூட 'கேட்கிறேன்' என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இது தப்பு என்று தெரியும். உன் படிப்பு போய்விடும், அப்பாவின் தலை தாழும், நாளைக்கு நீயே என்னைக் குறை சொல்லலாம். சொல்லு. பக்கத்தில் இருந்து சொல்லு.

வா.

நான்

*

டிசம்பர் 21

அன்புள்ள மாமா, அத்தை, உங்களுக்கு,

இதை வேண்டுமென்றே வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். மாமா, பிரிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். இதை ஒன்றை மட்டும் பிரியுங்கள். கூடத்தில் நின்று, ஒரு வரி விடாமல், மழைக்கோட்டு சேர்க்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி படியுங்கள். நீங்கள் செய்தது தப்புதான். எனக்குக் கோபமும் வந்தது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் உங்களுக்குத் தூக்கம் இருந்திருக்காது என்று நினைத்ததும் போய்விட்டது. அத்தை, இனி உங்கள் மகனுக்குக் கழுத்துத் தைலம் தேய்க்க வேண்டாம். அவருக்குக் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

பதினெட்டாம் தேதி மத்தியானம் கடிதம் வந்தது, பண்டிகை நெரிசலில் விரைவுத் தபாலுக்கும் அதே பன்னிரண்டு நாள். பெட்டியில் பாதி அடுக்கியிருந்தேன். மாமாவின் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். உங்களுடையதை உட்கார்ந்து படித்தேன், எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. முதல் 'வா'விலேயே அழுகை வந்தது. இரண்டு ஸ்க்ரூ வந்ததும் சிரித்தேன். இரண்டாவது 'வா'வுக்குப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "உள்ள அழுறியா சிரிக்கிறியா, எதுவா இருந்தாலும் வந்து காபி குடி" என்றார்.

காபி குடித்தேன். பயங்கரமாகப் பசித்தது. சோறு வடித்து, உட்கார்ந்து, இரண்டு தட்டு சாப்பிட்டேன். அப்புறம் பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கும் அடுத்த நாள் பட்டறைக்கு நடந்து போகும்போதுதான் புரிந்தது. மூன்று மாதமாக எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் என்ன செய்தது, பாவம்! நான் இல்லாததால் அங்கே யாருக்கு என்ன குறை என்றுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு நாள் விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போனேனோ என்று. நீங்கள் 'இரு' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பேன். நான் இல்லாமலும் அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் எனக்குக் கேட்டிருக்கும். நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். கூப்பிட ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் இருக்க முடிகிறது.

பேருந்து ஓட்டியவர் பத்தொன்பதாம் தேதி வந்திருந்தார். பேராசிரியை அவரை வேறொரு மாணவரிடம் அனுப்பப் போனார். அவர் "இல்ல, அந்தப் பொண்ணே செய்யட்டும்" என்றாராம். இந்த முறை காலை இரண்டு கையாலும் பிடித்தேன். ஈரத் துணி இறுகும்வரை விடவில்லை. பேராசிரியை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது பெரிய விஷயம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

நேற்று கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் போகாது அத்தை, ஒவ்வொரு நாளாகத்தான் போகும். அதனால், தூண் பக்கம் நிற்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதையும் மாமா உரக்கவே படிக்கட்டும், எனக்கு வெட்கம் இல்லை. மாதம் ஒரு முறை எனக்கு 'வா' என்று எழுதுங்கள். நான் வர மாட்டேன். வர மாட்டேன் என்று தெரிந்தும் எழுதுங்கள்.

நான்